டையிங் மாஸ்டரின் நோட்டு யாருடைய சொத்து?

திருப்பூரில் துணிக்குச் சாயமேற்றும் நடுத்தர அளவுள்ள ஒரு பிராசஸிங் யூனிட்டின் ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள், பாய்லர், துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உள்ள பங்கு, லாரி, நிலம் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒரு கருநீல ஷேடை மூன்றாவது ரிப்பீட் ஆர்டரிலும் அதே கருநீலமாகக் கொண்டுவரும் திறன் அந்தக் கணக்கில் எந்த வரியிலும் இருக்காது. மெஷினைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். பக்கத்து யூனிட்டிலும் அதே மெஷின்தான் ஓடுகிறது. பையர் உங்களைத் தேடித் திரும்பி வருவது அந்தக் கருநீலத்துக்காக.

இதைக் கணக்காளர் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உள்ளுக்குள்ளேயே வளர்ந்த பிராண்ட், வாடிக்கையாளர் பட்டியல் போன்றவற்றைச் சொத்தாகக் காட்டக்கூடாது என்று கணக்கியல் தரநிலை 26 சொல்கிறது. பெரிய நிறுவனங்களுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலை 38-ம் அதையேதான் சொல்கிறது. பயிற்சிக்கும் விளம்பரத்துக்கும் செய்யும் செலவு அந்த ஆண்டே செலவாக எழுதப்படும். அதே பிராண்டை இன்னொருவர் விலை கொடுத்து வாங்கினால் அவருடைய கணக்கில் அது சொத்தாக ஏறும். விதியில் நியாயம் இருக்கிறது: தன் பெயருக்குத் தானே விலை வைக்கலாம் என்று விட்டால் ஆளாளுக்கு ஒரு கோடியை எழுதிக்கொள்வார்கள். ஆனால் கணக்கில் ஏறாத பொருளுக்குப் பொறுப்பாளியும் இருப்பதில்லை. மெஷினுக்கு மெயின்டனன்ஸ் அட்டவணை உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, பேனல் சாவி யாரிடம் என்று எல்லோருக்கும் தெரியும். சாயமேற்றும் பொறுப்பில் உள்ள டையிங் மாஸ்டரின் ரெசிபி நோட்டுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

இப்படிக் கணக்கில் ஏறாத திறனையும் நம்பிக்கையையும் அறிவு மூலதனம் என்பார்கள். அதைப் பற்றிய பேச்சு வழக்கமாக மூன்று பிரிவில் தொடங்கும். சாயங்காலம் ஆட்களோடு வீட்டுக்குப் போவது மனித மூலதனம். கேட்டைப் பூட்டிய பிறகும் உள்ளேயே தங்குவது கட்டமைப்பு மூலதனம். பையர், சப்ளையர், வங்கி என்று வெளியாட்களிடம் சம்பாதித்து வைத்திருக்கும் நம்பிக்கை உறவு மூலதனம். சுவீடனைச் சேர்ந்த ஸ்கான்டியா என்ற காப்பீட்டு நிறுவனம் 1991-ல் லெய்ஃப் எட்வின்சனை இதற்கென்றே இயக்குநராக நியமித்தது. 1994-ம் ஆண்டறிக்கையோடு அறிவு மூலதனத்துக்குத் தனி இணைப்பே வெளியிட்டது. அங்கிருந்துதான் இந்தச் சொற்கள் உலகம் முழுக்கப் பரவின. பிரிவுகளைத் தெரிந்துகொள்ள இவ்வளவு போதும். சிறு, நடுத்தரத் தொழிலுக்குப் பிழைப்போடு ஒட்டிய கேள்விகள் வேறு. எது எங்கே இருக்கிறது? யார் பெயரில் இருக்கிறது? அந்த ஆள் நாளை வராவிட்டால் எத்தனையாவது நாள் வேலை நிற்கும்? அதன் மதிப்பு எத்தனை கோடி என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருக்கும் இடமே தெரியாத பொருளுக்கு விலை போட்டு என்ன பயன்?

ஒரு ஆர்டரின் பின்னால் நடப்பது

துறைத் தலைவர்களை மீட்டிங்கில் உட்காரவைத்து "உங்கள் பிரிவில் என்ன அறிவுச் சொத்து இருக்கிறது" என்று கேட்டால் அனுபவம், தரம், குழு ஒற்றுமை என்று எழுதித் தருவார்கள். அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடந்த ஆறு மாதத்தில் முடிந்த ஆர்டர் ஒன்றை எடுங்கள். சுமுகமாகப் போனது வேண்டாம். இடையில் சிக்கி, போராடி, கப்பல் ஏறிய ஆர்டராகப் பார்த்து எடுங்கள். பையரின் முதல் மெயிலிலிருந்து வங்கியில் பணம் விழுந்த நாள் வரை அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள்: பையரின் விவரத் தாளான டெக் பேக்கைப் படித்தது, காஸ்டிங் போட்டது, சாய மாதிரியான லேப் டிப் எடுத்தது, நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், டாக்குமென்ட். ஒவ்வொரு படியிலும் அந்த வேலையைச் செய்தவரிடம் நான்கு கேள்வி. இந்த முடிவை எதைப் பார்த்து எடுத்தீர்கள்? அது எழுத்தில் எங்கே இருக்கிறது? உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? அந்த எழுத்தோ வரைபடமோ கோப்போ யாருக்குச் சொந்தம்?

120 பேர் வேலை செய்யும் யூனிட்டில் இரண்டு பேர் தினமும் அரை நாள் ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் இப்படி மூன்று ஆர்டர்களை நடந்து முடிக்கலாம். எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்தது, அவர் இல்லாவிட்டால் மூன்று நாளுக்குள் வேலை நிற்பது என்ற இரண்டும் சேர்ந்த வரிகளுக்குச் சிவப்பு அடியுங்கள். முதலில் கவனிக்க வேண்டியவை அவை மட்டும்தான்.

சிவப்பு வரிகள் எதிர்பாராத இடங்களில் முளைக்கும். டையிங் மாஸ்டர் அதில் இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணி துவைத்த பிறகு நீளவாக்கில் எவ்வளவு சுருங்கும் என்பதை விரலில் வைத்திருக்கும் பேட்டர்ன் மாஸ்டரும் அங்கேதான் இருப்பார். பணம் தர வங்கி உறுதி சொல்லும் எல்.சி. டாக்குமென்டில் எந்த வங்கி எந்தச் சின்னப் பிழைக்குத் திருப்பி அனுப்பும் என்று தெரிந்த ஷிப்பிங் பிரிவுக்காரர் இருப்பார். பேனலில் எந்த சென்சார் பொய் சொல்லும் என்று தெரிந்த எலக்ட்ரீஷியனும் இருப்பார். இவர்களில் பெரும்பாலோரின் சம்பளம், அவர்கள் இல்லாமல்போனால் வரும் நஷ்டத்துக்குப் பக்கத்தில்கூட வராது. கணக்கெடுப்பின் முதல் பலன் அந்த உண்மை முதலாளியின் கண்ணில் படுவதுதான்.

ரெசிபி மட்டும் எழுதினால் போதாது

இனி டையிங்கை மட்டும் எடுத்து ஆழமாகப் பார்க்கலாம். அறிவைத் தலையிலிருந்து தாளுக்கு மாற்றும்போது எங்கே வழுக்கும் என்பது இதில் நன்றாகத் தெரியும்.

காட்டன் துணிக்கான ரியாக்டிவ் டையிங் ரெசிபியில் வழக்கமாக இருப்பவை சாயங்களின் பெயர், துணி எடையில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம், உப்பு லிட்டருக்கு எத்தனை கிராம், சோடா எத்தனை கிராம், 60 டிகிரி, எத்தனை நிமிடம். இதைப் புது ஆளிடம் கொடுத்தால் பாதி லாட் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணி) சரியாக வரும், பாதி வராது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 500 கிலோ மெஷினில் 500 கிலோ துணி, ஒரு கிலோவுக்கு 7 லிட்டர் தண்ணீர் என்றால் 3,500 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் வீதம் 210 கிலோ உப்பு. அடுத்த வாரம் அதே ஷேடில் 300 கிலோதான் ஆர்டர். 7 லிட்டர் கணக்குப்படி 2,100 லிட்டர் என்று நினைத்து 126 கிலோ உப்பைப் போடுகிறார் புது ஆள். ஆனால் பம்ப் காற்று இழுக்காமல் ஓட அந்த மெஷினுக்குக் குறைந்தது 2,600 லிட்டர் வேண்டும் என்று வையுங்கள். உப்பு லிட்டருக்கு 48 கிராமாக இறங்கிவிடுகிறது, தண்ணீரும் கூடுதல். சாயம் துணியில் ஏறுவது குறைந்து ஷேடு வெளுக்கிறது. மாஸ்டர் இருந்திருந்தால் லெவல் கிளாஸைப் பார்த்துவிட்டு 156 கிலோ போடச் சொல்லியிருப்பார். ஏன் என்று அவரும் விளக்கியிருக்க மாட்டார், யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

திருப்பூருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்பது நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து மீட்கப்பட்ட தண்ணீரும் மீட்கப்பட்ட உப்புக்கரைசலும் திரும்ப டையிங்குக்கே வருகின்றன. அந்தக் கரைசலின் அடர்த்தி எல்லா நாளும் ஒன்றுபோல இருக்காது. அதில் காரத்தன்மை மிச்சமிருந்தால் சோடா போடும் முன்பே சாயம் துணியில் பிடிக்கத் தொடங்கிவிடும். ஒருபக்கம் அடர்ந்தும் ஒருபக்கம் வெளுத்தும் திட்டுத்திட்டாக வரும். கடினத்தன்மை ஏறினாலும் இதே கதிதான். முந்தைய பிளீச்சிங்கில் பெராக்சைடு முழுவதும் நீங்காமல் இருந்தாலும் ஷேடு கெடும். இவ்வளவு விஷயமும் மாஸ்டரின் வாயில் "இன்னைக்குக் கொஞ்சம் பாத்துப் போடுப்பா" என்ற ஒரே வாக்கியமாகத்தான் வெளிவரும்.

ஆகவே ஷேடு கார்டில் ரெசிபிக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு கட்டங்கள் வேண்டும். முதலாவது, நிலைமை: மெஷின் எண், ஏற்றிய கிலோ, உண்மையில் நின்ற தண்ணீர் அளவு, தண்ணீரின் கடினத்தன்மை, உப்புக்கரைசலின் அடர்த்தியும் காரத்தன்மையும், நூல் லாட் எண். இரண்டாவது, தொடங்கும் முன் பார்க்கும் சோதனை: பெராக்சைடு டெஸ்ட் ஸ்ட்ரிப் என்ன காட்டியது, பிஹெச் எவ்வளவு, துணி தண்ணீரை உறிஞ்ச எத்தனை வினாடி. மூன்றாவது, எல்லை: எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்திவிட்டு மாஸ்டரைக் கூப்பிட வேண்டும். நான்காவதுதான் எல்லாவற்றிலும் விலை மதிப்பானது: இதே ஷேடு இதற்கு முன் எப்போது, எதனால் கெட்டது, எப்படி மீட்டார்கள். கெட்ட லாட்டின் வரலாற்றை எழுதாத யூனிட் ஒரே பாடத்துக்கு இரண்டு முறை ஃபீஸ் கட்டுகிறது.

மாஸ்டரிடம் இதை எப்படிக் கேட்டு வாங்குவது? நோட்டையும் பேனாவையும் கொடுத்து "எல்லாத்தையும் எழுதிக் குடுங்க மாஸ்டர்" என்று சொன்னால் நடக்காது. கையோடு செய்கிறவருக்குத் தான் செய்வதில் பாதி, தனக்குத் தெரியும் என்றே தெரியாது. வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம், இரண்டு மாதம் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கெட்ட லாட்டின் துணியை மேஜையில் வைத்துப் பேச்சை ஆரம்பியுங்கள். முதலில் எதைப் பார்த்து சந்தேகம் வந்தது, அப்போது வேறென்ன செய்திருக்கலாம், அதை ஏன் விட்டீர்கள், புது ஆள் அந்த இடத்தில் என்ன தப்புப் பண்ணுவான். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் கொட்டும். எழுதுவது மாஸ்டரின் வேலையாக இருக்கக்கூடாது. லேபில் இருக்கும் இளைய டெக்னீஷியன் எழுதி, மறுநாள் அவரிடம் படித்துக் காட்டட்டும். கைப்பாங்கு உள்ள வேலைகளை மொபைலில் இரண்டு, மூன்று நிமிடத் துண்டுகளாக எடுத்தால் போதும். ஒரு மணி நேர வீடியோவை அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கார்டு எழுதியாயிற்று என்பதற்கு ஒரே சோதனை இருக்கிறது. இளையவர் கார்டை மட்டும் வைத்து ஒரு லாட்டை ஓட்ட வேண்டும். மாஸ்டர் பக்கத்தில் பேசாமல் உட்கார வேண்டும். பொறுக்காமல் அவர் வாய் திறக்கும் ஒவ்வொரு இடமும் கார்டில் விடுபட்ட ஒரு வரி. அந்த வரியைச் சேர்த்து, தேதி போட்டு, பழைய கார்டை எடுத்துவிட வேண்டும். மெஷின் பக்கத்தில் பழைய கார்டும் புதுக் கார்டும் சேர்ந்து தொங்கினால் எழுதாமலே இருந்திருக்கலாம்.

சில யூனிட்களில் ரகசியம் காக்க சாயங்களுக்கு எஸ்-1, எஸ்-2 என்று சங்கேதப் பெயர் வைப்பார்கள். நல்ல வழிதான். ஆனால் அந்தச் சங்கேதத்தின் பொருள் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அறிவு மறுபடியும் ஒரே தலைக்குள் போய்விட்டது. அதன் ஒரு பிரதி சீல் வைத்த உறையில் முதலாளியின் லாக்கரில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

இது சாயப்பட்டறைக்கு மட்டும் உள்ள கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க அணு ஆயுதம் ஒன்றுக்கு 'ஃபாக்பேங்க்' என்ற சங்கேதப் பெயருடைய பொருள் ஒன்றை 1989 வரை டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் தயாரித்தார்கள். பின்னர் அதே பொருள் மீண்டும் தேவைப்பட்டபோது பதிவேடுகள் போதவில்லை, செய்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள், ஆலையும் இல்லை. கிடைத்த குறிப்புகளை வைத்துப் புதிதாகச் செய்தபோது பொருள் சரியாக வரவில்லை. பழைய மூலப்பொருளில் இருந்த ஒரு மாசுதான் அதன் தரத்துக்கே காரணம். புதிய சுத்திகரிப்பு முறை அந்த மாசை நீக்கிவிட்டிருந்தது என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள். முதலில் செய்தவர்களுக்கே அந்த மாசின் பங்கு தெரியாது. பணத்துக்கும் விஞ்ஞானிகளுக்கும் பஞ்சமில்லாத இடத்தில் நடந்தது இது. கார்டில் 'நிலைமை' என்ற கட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. தண்ணீரின் கடினத்தன்மை முக்கியமில்லை என்று இன்று தோன்றலாம். இருந்தாலும் எழுதி வையுங்கள்.

பரிசு கெடுத்த கதைகள்

அறிவைப் பகிர்ந்தால் பணம் என்று அறிவிப்பது முதலில் தோன்றும் யோசனை. இன்ஃபோசிஸ் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் அப்படிச் செய்து பார்த்தது. அறிவுக் களஞ்சியத்தில் கட்டுரை ஏற்றுபவர்களுக்கும் மதிப்பிடுபவர்களுக்கும் புள்ளிகள். அவற்றைப் பரிசாகவோ பணமாகவோ மாற்றிக்கொள்ளலாம். கட்டுரைகள் குவிந்தன. கூடவே தரம் பற்றிய சந்தேகமும் வளர்ந்தது. புள்ளிக்காக எழுதுகிறார்கள், நண்பர்களுக்கு உயர்ந்த மதிப்பெண் போடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. நிறுவனம் புள்ளிகளைக் குறைத்து மதிப்பீட்டைக் கடுமையாக்க வேண்டியிருந்தது.

ஜெராக்ஸ் போன வழி வேறு. போட்டோகாப்பி மெஷின் பழுதுபார்ப்பவர்கள் களத்தில் கண்டுபிடிக்கும் உத்திகளைச் சேர்க்க 1990-களில் 'யுரேகா' என்ற அமைப்பைப் பிரான்சில் தொடங்கியது. ஒவ்வொரு உத்தியையும் அனுபவமுள்ள சக தொழிலாளர்களே சோதித்து ஏற்றினார்கள். எழுதியவரின் பெயர் அதோடு நின்றது. பணம் கிடையாது. தொழில்காரர்களிடையே அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பே உத்திகளைக் கொண்டுவந்து சேர்த்தது.

டையிங் மாஸ்டரிடம் இதோடு இன்னொன்றும் இருக்கிறது: பயம். எழுதிக் கொடுத்த மறுமாதம் சம்பளம் குறைந்த ஆளை வைத்துக்கொண்டு தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று அவர் நினைப்பதில் தப்பே இல்லை. அப்படி நடந்ததை அவர் பார்த்திருப்பார். அந்தப் பயத்தைப் பேச்சால் போக்க முடியாது, எழுத்தால் போக்கலாம். எத்தனை ஆண்டு வேலை உறுதி, ஓய்வுக்குப் பிறகு மாதம் எத்தனை நாள் ஆலோசகராக வருவார், அதற்கு என்ன தொகை, பயிற்சி கொடுக்கும் மாதங்களுக்கு என்ன படி என்று கடிதமாகக் கொடுத்துவிட்டுத்தான் முதல் கார்டைக் கேட்க வேண்டும். கார்டில் அவர் பெயர் இருக்கட்டும். கார்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று மட்டும் வைக்காதீர்கள். ஒரே ஷேடு மூன்று கார்டாகப் பிரிந்து வந்து சேரும்.

எழுத்தில் இருந்தாலும் அது உங்களுடையதா?

நிறுவனங்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். காசு கொடுத்துச் செய்யச் சொன்னதால் அது நமக்குச் சொந்தம் என்று நம்புகிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், 1957-ன் 17-வது பிரிவின்படி சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி. வெளியிலிருந்து ஃப்ரீலான்ஸாக வந்து லோகோவோ துணிக்கான பிரின்ட் டிசைனோ ஈஆர்பி மென்பொருளோ செய்து கொடுத்தவர் விஷயத்தில் உரிமை அவரிடமே நிற்கும், எழுதி மாற்றிக்கொடுத்தால் தவிர. கூலிக்கு எடுத்த புகைப்படம் போன்ற சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தத்திலும் கண்ணி இருக்கிறது: 19-வது பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். ஏற்றுமதி செய்பவருக்கு இந்த இரண்டு வரி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பில்களை எடுத்து, வெளியாள் செய்த ஒவ்வொரு லோகோவுக்கும் மென்பொருளுக்கும் "முழுக் காப்புரிமைக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்று இன்று ஒரு பத்திரம் வாங்குவது சில ஆயிரத்தில் முடியும். பிராண்ட் பெரிதான பிறகு கேட்டால் விலை வேறு.

பேட்டர்ன் அல்லது வடிவமைப்பைப் பொறுத்தவரை வரிசைதான் முக்கியம்: முதலில் பதிவு, பிறகு காட்டுவது. வடிவமைப்புச் சட்டம், 2000-ன்படி 10 ஆண்டுப் பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிப்பு. ஆனால் விண்ணப்பிக்கும் முன் வாட்ஸ்அப் கேட்டலாக்கில் போட்டுவிட்டால் புதுமை போய்விட்டது. பதிவு செய்யத் தகுந்த வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பிரதி எடுத்தால் அதன் காப்புரிமையும் போய்விடும். ஒரே தடவை அடுக்கி வெட்டும் கட்டிங் லேயில் 50 தாண்டிவிடும்.

பிராண்ட் பெயர் பதிவில், ஆயத்த ஆடைகள் 25-வது வகுப்பில் வரும். சிறு நிறுவனமாக அரசின் உத்யம் பதிவுச் சான்று இருந்தால் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இங்கே வரும் சிக்கல் கட்டணத்தில் இல்லை, பெயரில்தான். அண்ணன் தம்பி கூட்டுத் தொழிலில் யாரோ ஒருவரின் தனிப்பெயரில் டிரேட்மார்க் இருக்கும். பங்குப் பத்திரத்தில் அது பற்றி ஒரு வரியும் இருக்காது. பிரியும்போது மெஷினைப் பாதி பாதியாகப் பிரிப்பார்கள், பெயரைப் பிரிக்க முடியாமல் நீதிமன்றத்துக்குப் போவார்கள். வெப்சைட் முகவரி, இன்ஸ்டாகிராம் கணக்கு எல்லாம் வெப் டிசைனரின் மெயிலில் இருப்பதும் இதே ரகம். நிறுவனத்தின் சொந்த மெயிலுக்கும் நிறுவனத்தின் சிம் கார்டுக்கும் அவற்றை மாற்றி, இரண்டு பேரை அட்மினாக வைப்பது ஒரு நாள் வேலை.

ரகசியத்துக்கு வருவோம். வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2024-ல் சட்ட ஆணையம் தன் 289-வது அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவரை ஒப்பந்தமும் நம்பிக்கை மீறல் என்ற கோட்பாடும்தான் துணை. நியமனக் கடிதத்தில் "விலகிய பின் இரண்டு ஆண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது" என்று எழுதுவது பரவலான வழக்கம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 27-வது பிரிவின்படி அது செல்லாது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் ஓடிப்போவது வேறு விஷயம்: டயர் கார்டு நூல் ஆலையில் பயிற்சி பெற்ற ஒருவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவிலேயே போட்டி ஆலைக்குப் போனதை 1967-ல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தடுத்தது.

வாடிக்கையாளர் விவரம் பற்றிய இரண்டு டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் பாதை தெரியும். 1995-ல் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் வழக்கில், உழைத்துத் தொகுத்த முகவரித் தரவுத்தளத்துக்குக் காப்புரிமை உண்டு என்று சொல்லி, அதை எடுத்துச்சென்ற முன்னாள் ஊழியரைத் தடுத்தது. 2006-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில், வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வணிக ரகசியம் ஆகாது என்று நிறுவனத்தின் கோரிக்கையை மறுத்தது. பையரோடு ஆர்டர் பேசும் ஒரு மெர்ச்சன்டைசருக்குப் பையரின் எண் மனப்பாடமாகத் தெரியும், அதை அழிக்க முடியாது. பையர்வாரியான விலை வரலாறு, எந்தக் குறைக்கு எவ்வளவு தள்ளுபடி கேட்டார் என்ற தொகுப்பை நிறுவனம் தன் கணினியில், கடவுச்சொல்லோடு, யார் எப்போது திறந்தார் என்ற பதிவோடு வைத்திருந்தால் அதற்காக வாதாடலாம். "எல்லாத் தகவலும் ரகசியம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய ஒப்பந்தம் பலவீனமானது. ஷேடு கார்டு, காஸ்டிங் ஷீட், பையர் விலைப்பட்டியல் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். விலகும் நாளில் திருப்பிக் கொடுத்தவற்றின் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். மாஸ்டரின் நோட்டும் அப்படித்தான். நிறுவனம் கொடுத்த, பக்க எண் போட்ட நோட்டில், வேலை நேரத்தில் எழுதியது என்றால் வழக்கு தெளிவாக இருக்கும். அவர் சொந்தக் காசில் வாங்கிய டைரி என்றால் வாதாடி மாளாது. அவர் கையும் கண்ணும் கற்ற தொழில் எந்நாளும் அவருடையது. அதன்மேல் நிறுவனம் உரிமை கொண்டாடக்கூடாது என்றே நினைக்கிறேன்.

உறவு மூலதனம் பற்றி இரண்டு விஷயம் சொன்னால் போதும். ஒவ்வொரு பையரின் மெயிலிலும் உரையாடலிலும் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், நிறுவனத்தின் எண்ணில். அடுத்து, சான்றிதழ்கள்: ஆர்கானிக் துணிக்கான காட்ஸ், துணியில் கெடுதலான ரசாயனம் இல்லை என்பதற்கான ஓகோ-டெக்ஸ் சான்றுகள் ஓராண்டுக்குத்தான் செல்லும். காலாவதியான நாளில் ஏற்றுமதிக்குத் தயாராக நிற்கும் சரக்கு என்னவாகும் என்று யோசித்து, மூன்று மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள்.

எதை அளப்பது

அதிகமாக அளக்க வேண்டாம். டையிங்கில் முதல் முறையிலேயே சரியாக வந்த லாட் எத்தனை சதவீதம் என்ற ஒரே எண்ணில் ரெசிபி அறிவு, தண்ணீர்க் கட்டுப்பாடு, பயிற்சி மூன்றும் தெரிந்துவிடும். அது நேரடியாகப் பணமும்கூட. கெட்ட 500 கிலோ லாட் ஒன்றின் சாயத்தை நீக்கி மறுபடி சாயமேற்ற ஏழு முறை தண்ணீர் மாற்றினால் 24,500 லிட்டர் கூடுதல் கழிவுநீர். சொட்டும் வெளியே போகக்கூடாத ஊரில் ஒவ்வொரு லிட்டருக்கும் சுத்திகரிப்புச் செலவு உண்டு. இதோடு சிவப்பு வரிகளின் எண்ணிக்கை, கடந்த 12 மாதத்தில் மாஸ்டர் பேசாமல் உட்காரும் சோதனையில் தேறிய கார்டுகள், மிகப் பெரிய பையர் மொத்த விற்பனையில் எத்தனை சதவீதம் என்ற மூன்றும் சேர்ந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். முதல் எண்ணை மட்டும் போனஸோடு கட்டிவிடாதீர்கள். கட்டினால், ஷேடு வராமல் பிறகு போட்ட சாயத்தை முன்பே திட்டமிட்டது என்று லாக் புத்தகத்தில் எழுதத் தொடங்குவார்கள். எண் ஏறும், கார்டில் பொய் ஏறும்.

கடைசிக்குத் தள்ளிவைத்த மதிப்பீடு பற்றி. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸின் பிராண்டுக்கு ஒரு காலத்தில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டார்கள். வங்கிகள் டிரேட்மார்க்குகளை அடமானமாக ஏற்றன. 2016 ஏப்ரலில் 366.70 கோடி அடிப்படை விலையில் அவற்றை ஏலம் விட்டபோது ஒருவரும் கேட்கவில்லை. விமானம் ஓடாதபோது பெயருக்குப் பின்னால் நின்ற சேவையும் ஆட்களும் இல்லை. பெயர் தனியே நின்று விலை பெறவில்லை. பங்குதாரர் சேரும்போதோ யூனிட்டை விற்கும்போதோ வருபவர் கேட்பது பெரும்பாலும் இதே விஷயங்களைத்தான்: டிரேட்மார்க் யார் பெயரில், டிசைனும் மென்பொருளும் எழுதி வாங்கப்பட்டனவா, முதல் ஐந்து பையர்களோடு பேசுவது யார், முக்கியமான ஆட்கள் எத்தனை மாதம் தங்குவார்கள். வாங்குபவர் பக்கத்தில் உட்காரும் ஆளாக இருந்தால், கோடிக் கணக்குப் போட்ட மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கும் முன் ஷேடு அலமாரியைத் திறந்து, ஓராண்டுக்கு முன் ஓடிய மூன்று ஷேடுகளை நீங்களே தேர்ந்தெடுத்து, மாஸ்டருக்கு அன்றைக்கு லீவு கொடுக்கச் சொல்லிவிட்டு, கார்டை வைத்து லாட் போடச் சொல்லுங்கள். சாயங்காலம் லைட் பாக்ஸில் பழைய துணியையும் புதுத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.